வேலிக்கு எந்தப் பக்கம் கடித்தது?

கொழும்பிலுள்ள தொற்றுநோயியல் பிரிவு வாராவாரம் ஓர் அறிக்கை வெளியிடும். அதில் ஒரு பெரிய அட்டவணை இருக்கும். இடப்பக்கம் மாவட்டங்கள், தலைப்பில் நோய்கள். டெங்கு நிரலைப் பத்திரிகைக்காரர் முதல் பாடசாலை அதிபர் வரை எல்லாரும் பார்ப்பார்கள். வயல்காலத்தில் எலிக்காய்ச்சல் நிரலையும் கொஞ்சப் பேர் பார்ப்பார்கள். லீஷ்மேனியாசிஸ் என்றொரு நிரலும் அதில் இருக்கிறது. அந்தப் பக்கம் கண்ணை ஓட்டுகிறவர்கள் குறைவு. அனுராதபுரம், பொலன்னறுவை, அம்பாந்தோட்டை, மாத்தறை, குருநாகல் வரிசைகளில் அந்த நிரல் கனத்திருக்கும். எங்கள் திருகோணமலை வரிசையில் சின்ன இலக்கங்கள்தான்.

அந்தச் சின்ன இலக்கங்களுக்குப் பின்னால் இருக்கும் சிலைட்டுகளை நுணுக்குக்காட்டியில் பார்ப்பது என் வேலைகளில் ஒன்று. நான் ஆய்வுகூடத்தில் இருப்பவள், மருத்துவர் இல்லை. ஆனால் சிலைட்டோடு வரும் ஆளிடம் நாலு வார்த்தை பேசாமல் அனுப்பும் பழக்கம் எனக்கு இல்லை. அப்படிப் பேசிப் பேசி எனக்குள் வளர்ந்த ஒரு எண்ணத்தைத்தான் இங்கே எழுதப் போகிறேன். இந்த நோயை நாங்கள் ‘காட்டு வருத்தம்’ என்று ஒதுக்கி வைத்திருக்கிறோம். அது காட்டில் வந்ததா, வீட்டு முற்றத்தில் வந்ததா என்பதை நோயாளியின் விலாசம் சொல்லாது. யார் யாருக்கு வந்திருக்கிறது என்று பார்த்தால்தான் தெரியும்.

முதலில் வருத்தம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். மணல் ஈ என்றொரு பூச்சி. ஈ என்று பெயர் இருந்தாலும் நுளம்பைவிடச் சின்னது. இரண்டு, மூன்று மில்லிமீற்றர்தான் இருக்கும். உடம்பெல்லாம் மயிர். இருக்கும்போது செட்டையை மேலே விரித்து வைத்திருக்கும். பறக்கும்போது சத்தமே போடாது. நுளம்பு காதுக்குள் பாடுவதால் தட்டிக் கொல்லலாம், இது அந்த வாய்ப்பையும் தராது. பெண் பூச்சிதான் இரத்தம் குடிக்கும். குடிக்கும்போது லீஷ்மேனியா என்ற ஒட்டுண்ணியைத் தோலுக்குள் விட்டுவிட்டுப் போகும். கிழமைகள் போகும், சில வேளை மாதங்களும் போகும். அப்புறம் கடித்த இடத்தில் ஒரு சின்னப் பரு. நோகாது, அரிக்காது, காய்ச்சலும் இல்லை. பரு மெல்ல மெல்லப் பெருத்துக் கட்டியாகும், நடுவில் உடைந்து புண்ணாகி மேலே பொருக்குக் கட்டும். விளிம்பு மட்டும் தடித்து நிற்கும். முகம், காது, முழங்கை, கால் என்று உடுப்பு மூடாத இடங்களில்தான் வரும்.

நோகாது என்பதுதான் இதில் சனியன். நொந்திருந்தால் மூன்றாம் நாளே ஆஸ்பத்திரிக்கு வந்திருப்பார்கள்.

இலங்கைக் கதையில் ஒரு விசித்திரம் இருக்கிறது. இங்கே இந்தத் தோல் புண்ணை உண்டாக்குவது லீஷ்மேனியா டொனோவானி. இந்தியாவில், பீகார் பக்கத்தில், அதே இனம் மண்ணீரலையும் ஈரலையும் வீங்கவைத்து, மருந்து கொடுக்காவிட்டால் ஆளையே கொன்றுவிடும். கலா அசார் என்பார்கள். காவும் பூச்சியும் அதே பிளெபோடோமஸ் ஆர்ஜென்டிபெஸ்தான். எங்கள் நாட்டில் இருப்பது மொன்-37 என்ற வகை. அது பெரும்பாலும் தோலோடு நின்றுவிடுகிறது. உள்ளுறுப்புவரை போன நோயாளிகளும் இங்கே பதிவாகியிருக்கிறார்கள், விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில். கேரளத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருக்கும் காணிப் பழங்குடிகளுக்கும் இதே டொனோவானிதான் தோலில் புண் போடுகிறது. ஒரே ஒட்டுண்ணி ஓரிடத்தில் தோலோடு நிற்க, இன்னோரிடத்தில் ஏன் மண்ணீரலுக்குப் போகிறது என்பதற்கு மரபணு மட்டத்தில் நிறைய வேலை நடந்துகொண்டிருக்கிறது.

நாட்டுக்குள்ளேயே தொற்றிய முதல் நோயாளி பற்றிய மருத்துவ அறிக்கை வந்தது 1992இல். 2001க்குப் பிறகு எண்ணிக்கை கூடத் தொடங்கியது. அந்த நேரம் பிடிபட்டவர்களில் நிறையப் பேர் வன்னிக் காடுகளில் நின்ற படையினர். அதனால்தான் எங்கள் ஆட்களிடம் ‘அது ஆமிக்காரருக்கு வாற வருத்தம்’ என்ற பேச்சு ஊறிப்போனது. 2008இல் கட்டாயம் அறிவிக்கவேண்டிய நோய்களில் இதையும் சேர்த்தார்கள். அதற்குப் பிறகுதான் ஒழுங்கான கணக்கு. 2018 அளவில் ஆண்டுக்கு மூவாயிரத்தைத் தாண்டிவிட்டது. அறிவிக்கத் தொடங்கியதால் கூடியது கொஞ்சம், உண்மையாகவே பரவியது கொஞ்சம். இரண்டையும் பிரித்துச் சொல்வது இலேசில்லை.

இனி ஒரு ஆளைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பஸ் நிலையத்தடியில் த்ரீவீல் ஓட்டுகிற தம்பி. இடது முழங்கைக்கு மேலே ஐம்பது சதக் குத்தி அளவில் ஒரு புண். வெளியில் ஓரிடத்தில் காட்டி அன்ரிபயோற்றிக் குடித்திருக்கிறார். பிறகு இன்னோரிடத்தில் பங்கசு என்று கிறீம் கொடுத்திருக்கிறார்கள். யாரோ குஷ்டமாக இருக்குமென்று சொல்லிவிட, பயந்துபோய் வீட்டில் தனிக் கோப்பையில் தேத்தண்ணி குடிக்கத் தொடங்கிவிட்டார். குஷ்டம் என்றால் அந்த இடம் மரத்திருக்கும், பஞ்சால் தொட்டால் தெரியாது. இவருக்குத் தொட்டால் நன்றாகவே தெரிந்தது. கடைசியில் ஒரு தோல் வைத்தியர் பார்த்து எங்களிடம் அனுப்பினார்.

“காட்டுப் பக்கம் போறனீங்களோ?”

“இல்லை மிஸ். ரவுனுக்குள்ளதான் ஓட்டம். தேன் எடுக்க, விறகு வெட்ட எல்லாம் நாங்கள் போறேல்ல.”

புண்ணிலிருந்து மாதிரி எடுப்பது பார்க்கச் சின்ன வேலை, சரியாகச் செய்யக் கொஞ்சம் பொறுமை வேண்டும். நடுவில் இருக்கும் பொருக்கில் ஒன்றும் கிடைக்காது. அங்கே செத்த கலங்களும் வேறு கிருமிகளும்தான். தடித்த விளிம்பைத் துடைத்து, இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்து, இரத்தம் விலகித் தோல் வெளிறியதும் கத்தி நுனியால் சின்னதாக ஒரு கீறல். அந்தக் கீறலின் சுவரைச் சுரண்டினால் வரும் கூழ்தான் எங்களுக்குத் தேவை. இரத்தம் கலந்தால் சிலைட் கெட்டது. கண்ணாடியில் மெல்லத் தடவி, காயவைத்து, மெதனோலில் இறுக்கி, கீம்சா சாயத்தில் ஊறவிட வேண்டும். பிறகு எண்ணெய் ஒரு துளி விட்டு நூறாம் வில்லையில் தேடல். பெரிய விழுங்கு கலங்களுக்குள் இளநீலத்தில் முட்டை வடிவ உருக்கள். ஒவ்வொன்றும் மூன்று மைக்ரோன் அளவு. உள்ளே செவ்வூதா நிறத்தில் ஒரு வட்டக் கரு, பக்கத்தில் குறுக்காக ஒரு சின்னக் கோடு. அந்தக் கோட்டின் பெயர் கைனெற்றோபிளாஸ்ற். வட்டமும் கோடும் சேர்ந்து தெரிந்தால்தான் லீஷ்மேனியா. வட்டம் மட்டும் தெரிந்தால் குருதிச் சிறுதட்டாக இருக்கலாம், சாயத் துணிக்கையாகவும் இருக்கலாம். தம்பியின் சிலைட்டில் ஒரே கலத்துக்குள் பத்துப் பதினைந்து நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன.

சிகிச்சை பற்றிச் சுருக்கமாக. சோடியம் ஸ்ரிபோகுளுக்கனேற் என்ற அன்ரிமனி மருந்தைப் புண்ணுக்குள்ளேயே கிழமைக்கு ஒரு தடவை ஊசியால் ஏற்றுவார்கள். இல்லாவிட்டால் திரவ நைதரசனால் உறையவைப்பார்கள். ஊசி நோகும். புண் ஆறக் கிழமைகள் பிடிக்கும். பாதியில் விட்டால் திரும்ப வரும். சில வட்டாரங்களில் இந்த மருந்துக்கு மசியாத புண்களும் தலைகாட்டத் தொடங்கிவிட்டன.

சரி, ஆள் பிடிபட்டாயிற்று. இனித்தான் தொற்றுநோயியல் தொடங்குகிறது.

வைத்தியர் எச்-544 என்ற படிவத்தை நிரப்புகிறார். அதில் நோயாளியின் வீட்டு விலாசம். படிவம் அந்த விலாசத்துக்குரிய சுகாதார வைத்திய அதிகாரியின் பணிமனைக்குப் போகிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்குப் போய் விசாரிக்கிறார். வார இறுதியில் எச்-399 என்ற வாராந்தப் படிவத்தில் ஏறிக் கொழும்புக்குப் போய், நான் முதலில் சொன்ன அட்டவணையில் ஓர் இலக்கமாக உட்காருகிறது. டெங்குவுக்கு இந்த ஏற்பாடு அருமையாகப் பொருந்தும். அந்த நுளம்பு பகலில் வீட்டிலோ, பள்ளிக்கூடத்திலோ, வேலைத்தலத்திலோ கடிக்கும், சில நாட்களில் காய்ச்சல் வந்துவிடும், ஆளுக்கும் எல்லாம் ஞாபகம் இருக்கும். லீஷ்மேனியாவில் கடித்த நாளுக்கும் பரு வந்த நாளுக்கும் இடையில் மாதங்கள் ஓடியிருக்கலாம். பருவுக்கும் வைத்தியருக்கும் இடையில் இன்னும் சில மாதங்கள். அந்த மாலைநேரத்தில் ஆள் எங்கே இருந்தார் என்று படிவத்துக்குத் தெரியாது.

தம்பியின் விலாசம் உவர்மலைக்குக் கீழே, ரவுன் நடுவில். விலாசத்தை மட்டும் பார்த்தால் நகரத்தில் தொற்றிய நோயாளி. பேசிக்கொண்டிருந்தபோதுதான் மற்றது வந்தது. மனைவியின் ஊர் பன்குளத்துக்கு அங்கால். சனி பின்னேரம் போனால் திங்கள் விடியத்தான் திரும்புவார். அங்கே வீட்டோடு ஒட்டி மாட்டுப்பட்டி. வெக்கைக்கு முற்றத்தில் கட்டிலைப் போட்டு, கையில்லாத பெனியனோடு படுப்பார். அது மணல் ஈக்குச் சொல்லி வைத்த இடம். இந்தப் பூச்சிக்குத் தேங்கிய தண்ணீர் வேண்டாம். ஈரமான மண், அதில் மக்கிய சாணி, இலைச்சருகு, கறையான் புற்றின் பொந்து, சுவர் வெடிப்பு, இவை போதும் முட்டையிட. பொழுது பட்டதும் வெளிக்கிட்டு விடியும்வரை திரியும். நல்ல பறப்பாளி இல்லை, தத்தித் தத்தித்தான் போகும். பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீற்றருக்குள்ளேயே அதன் சீவியம் முடிந்துவிடும்.

ஆக, இந்த ஆளுக்கு வேலிக்கு அந்தப் பக்கம் கடித்திருக்கலாம். அட்டவணையிலோ எங்கள் நகரக் கணக்கில் ஒன்று கூடும்.

இதைக் கேட்டதும் ‘பார்த்தீர்களா, ரவுனில் இது இல்லை’ என்று முடிவு கட்டுவது சுகம். நான் அந்தப் பக்கம் சாய மாட்டேன். ஒரு ஆளை வைத்து எந்தப் பக்கமும் சொல்ல முடியாது. கூட்டமாகப் பார்க்கவேண்டும். அதற்கு எங்கள் நாட்டிலேயே ஒரு நல்ல பாடம் இருக்கிறது. அனுராதபுரம், பொலன்னறுவை போன்ற வடக்குப் பகுதிகளில் நோயாளிகளில் அதிகம் பேர் இருபது முதல் நாற்பது வயது ஆண்கள். படையினர், சேனைப் பயிர் செய்பவர், காட்டு வேலைக்காரர். அம்பாந்தோட்டை, மாத்தறைப் பக்கம் படமே வேறு. பெண்கள், பிள்ளைகள், வயதானவர்கள் என்று எல்லா வயதிலும் நோயாளிகள். வளர்ந்த ஆண்களுக்கு மட்டும் வந்தால் வேலைக்குப் போன இடத்தில் கடித்திருக்கிறது. மூன்று வயதுப் பிள்ளையின் கன்னத்திலும் ஆச்சியின் காதிலும் வந்தால் பூச்சி வளவுக்குள் குடியிருக்கிறது. பூச்சிப் பொறி ஒன்றும் வைக்காமல், நோயாளிகளின் வயதையும் பாலையும் மட்டும் வைத்து இவ்வளவும் சொல்லிவிடலாம்.

காபுல் நகரத்தில் இதுதான் நடந்தது. அங்கே இனம் வேறு, லீஷ்மேனியா டிராப்பிகா. பூச்சியும் வேறு. போரில் இடிந்த வீடுகள், வெடித்த மண் சுவர்கள், அகதியாகப் போய்த் திரும்பி வந்து நெருக்கியடித்து வாழ்ந்த குடும்பங்கள். ஆண்டுக்குப் பல்லாயிரம் பேருக்கு முகத்தில் புண். அதில் பெண்களும் பிள்ளைகளும்தான் கூட. நாய், எலி எதுவும் இடையில் தேவைப்படவில்லை. மனிதனைக் கடித்த பூச்சி அடுத்த மனிதனைக் கடித்தது. பெரிய நகரத்துக்கு நடுவில், காடே இல்லாமல், அந்த நோய் தன்பாட்டில் ஓடியது.

அவ்வளவு தூரம் போவானேன். இந்த ஒட்டுண்ணியின் பெயரில் இருக்கும் இரண்டு ஆட்களையே எடுத்துக்கொள்ளுங்கள். வில்லியம் லீஷ்மன் பார்த்தது, கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம்டம் முகாமில் நின்றுவிட்டு ஊர் திரும்பி இறந்த ஒரு பிரித்தானியச் சிப்பாயின் மண்ணீரலில். சார்ல்ஸ் டொனோவான் அதையே 1903இல் கண்டது சென்னை அரசுப் பொது மருத்துவமனையில், ஒரு சிறுவனின் மண்ணீரலில். ரொனால்ட் ரொஸ் இரண்டு பெயரையும் சேர்த்து ஒட்டுண்ணிக்குச் சூட்டினார். ஒருவர் சிப்பாயிடம் கண்டதை மற்றவர் நகரத்து ஆஸ்பத்திரியில் ஒரு சின்னப் பையனிடம் கண்டார். ‘ஆமிக்காரர் வருத்தம்’ என்ற பேச்சை அந்தப் பையனே நூற்றிருபது வருடத்துக்கு முன்பு முறித்துவிட்டான். அந்தக் காலத்தில் சென்னையில் மூட்டைப்பூச்சிதான் காவுகிறது என்று நம்பி ஆராய்ச்சி செய்தவர்களும் இருந்தார்கள். மணல் ஈதான் என்று சுவாமிநாத், ஷோர்ட், அன்டர்சன் மூவரும் மனிதத் தொண்டர்களை வைத்து நிரூபித்தது 1942இல். இரத்தம் குடித்த பூச்சியை அடுத்த கடிவரை உயிரோடு வைத்திருப்பதுதான் பெரிய தலையிடியாக இருந்ததாம். காய்ந்த முந்திரிகைப் பழத்தை உண்ணக் கொடுத்துத்தான் அதைச் சமாளித்திருக்கிறார்கள். முந்திரிகை வற்றலில் தங்கி நின்ற விஞ்ஞானம்.

எனக்கு இதைவிடப் பிடித்த கதை ஸ்பெயினில் நடந்தது. மட்ரிட்டுக்குத் தெற்கே புவென்லப்ராடா என்றொரு ஊர். மாடிக் குடியிருப்பும் ரயிலும் சுப்பர் மார்க்கெட்டும் உள்ள சாதாரண நகரம். 2009 நடுப்பகுதியில் தொடங்கி 2012 முடியுமுன் அந்த வட்டாரத்தில் 446 பேருக்கு லீஷ்மேனியாசிஸ். வழமையாக அந்தப் பக்கம் நாயிலிருந்துதான் வரும். நாய்களைச் சோதித்தார்கள். நாய்களில் கூடவில்லை. கடைசியில் பிடிபட்டது முயல். குடியிருப்புக்குப் பக்கத்தில் புதிதாகப் பெரிய பசுமைப் பூங்கா ஒன்று அமைத்திருந்தார்கள். வேட்டையில்லை, கொன்று தின்னும் மிருகமும் இல்லை. காட்டு முயல்கள் பெருகிவிட்டன. மணல் ஈ முயலைக் கடித்துவிட்டு, மாலையில் உலாவ வந்தவர்களைக் கடித்தது. ஊர் அழகாக வேண்டுமென்று நட்ட மரங்களுக்கு நடுவில் இந்த வட்டம் ஓடியிருக்கிறது. வறுமை, குப்பை, சேரி என்று சொல்லிப் பழகிய வாய்களுக்கு இது நல்ல மருந்து. பிரேசிலில் தெரசினா நகரத்தில் 1980களில் உள்ளுறுப்பு நோய் வெடித்தபோது இடையில் நின்றவை நாய்கள். ஆகவே ஒவ்வொரு நகரத்துக்கும் தனித்தனியாகத் துப்புத் துலக்கவேண்டியிருக்கிறது.

அதை வாசித்த நாளிலிருந்து எங்கள் மான்களைப் பார்க்கும்போது ஒரு குறுகுறுப்பு. திருகோணமலைக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: எங்கள் ரவுனுக்குள் புள்ளிமான்கள் திரிகின்றன. பிரெட்றிக் கோட்டைக்குள், கோணேசர் கோவிலுக்கு ஏறும் வழியில், கடற்கரையோரத்தில், சில நேரம் கடைத்தெருவிலும். வெளியூர்க்காரர் செல்பி எடுப்பார்கள். மான் மீது நான் பழி போடவில்லை, எந்த ஆதாரமும் இல்லாமல் ஒரு பிராணி மீது சந்தேகத்தைக் கிளப்பிவிட்டு அடுத்த நாள் அதைச் சுடச் சொல்லும் ஆட்களை எனக்குத் தெரியும். நான் சொல்ல வருவது வேறு. நகரம் என்றால் மிருகம் இல்லை, மண் இல்லை, புற்று இல்லை என்று கணக்குப் போடும் ஆளுக்கு எங்கள் ஊரில் வேலை இல்லை. மானோடு கட்டாக்காலி மாடுகள், ஆடுகள், நாய்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலையும் பற்றையும்.

பாலையூற்றுப் பக்கமோ, அன்புவழிபுரத்துப் பக்கமோ, கன்னியா வீதியாலோ பின்னேரத்தில் ஒரு நடை போய்ப் பாருங்கள். மாடிவீட்டுக்கு அடுத்த வளவு வெறும் வளவாக இருக்கும். உரிமையாளர் கனடாவில். மதில் பாதி இடிந்து, உள்ளே எருக்கலையும் நாயுண்ணியும் ஆள் உயரம். அதற்குள் ஒரு கறையான் புற்று. புற்றடியில் யாரோ மஞ்சள் பூசி விளக்கு வைத்திருப்பார்கள், அதை வெட்டவும் முடியாது. அந்த மதில் நிழலில் ஐந்தாறு மாடுகள் படுத்து அசைபோடும். அதற்கு நேரெதிரே டியூசன் கொட்டில். ஓலைத் தட்டி, சிமெந்து போடாத நிலம், அரைக் காற்சட்டையோடு பிள்ளைகள், ஆறு மணி முதல் எட்டு மணி வரை கணித வகுப்பு. மணல் ஈ இருக்குமானால் அதற்கு வேண்டியதெல்லாம் ஐம்பது மீற்றருக்குள் இருக்கிறது. ‘இருக்குமானால்’ என்பதை அழுத்தியே சொல்கிறேன். பூச்சி இருப்பது ஒன்று, பூச்சிக்குள் ஒட்டுண்ணி இருப்பது இன்னொன்று. முதலாவது இலேசாக இருக்கலாம். இரண்டாவதுக்குப் பொறி வைத்துப் பிடித்து, அறுத்துப் பார்த்து, மரபணுச் சோதனை செய்யவேண்டும்.

இந்த இடத்தில் மலேரியாவையும் சொல்லவேண்டும். எங்கள் வயதுக்காரருக்கு மருந்தடிக்க வந்த மலேரியாக்காரரை நன்றாக ஞாபகம் இருக்கும். சாமான் சட்டி எல்லாம் வெளியே எடுத்து வைத்து, சுவரெல்லாம் வெள்ளைத் திட்டாக விசிறிவிட்டுப் போவார்கள். நாலு நாளைக்கு நாற்றம். இலங்கையில் உள்ளூரில் தொற்றிய கடைசி மலேரியா நோயாளி 2012இல். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் மலேரியா ஒழிந்த நாடு என்று சான்று தந்தது. பெரிய சாதனைதான். ஆனால் இந்தியாவில் நடந்ததையும் சேர்த்து யோசிக்கவேண்டும். 1950களில் மலேரியாவுக்கு டிடிடி அடித்தபோது, யாரும் குறிவைக்காமலேயே கலா அசாரும் கிட்டத்தட்ட மறைந்துபோனது. சுவரில் இருந்த மருந்து மணல் ஈயையும் கொன்றது. தெளிப்பு நின்ற பிறகு 1970களில் பீகாரில் அது பெருவாரியாகத் திரும்பி வந்தது. எங்கள் நாட்டில் தெளிப்புக் குறைந்ததும் தோல் புண் கூடியதும் கிட்டத்தட்ட ஒரே காலத்தில் நடந்தன. அதை வைத்து இதனால்தான் அது என்று சொல்லமாட்டேன், எங்கள் பூச்சி வெளியில் கடிப்பதும் அதிகம். ஆனாலும் சுவரை விட்டுப் போன அந்த வெள்ளைத் திட்டுகளை நினைக்காமல் இருக்க முடிவதில்லை.

நகரத்தில் கணக்கெடுப்பில் இன்னொரு சிக்கல். இப்போது எங்களிடம் இருப்பதெல்லாம் தானாக வந்தவர்களின் கணக்கு. நோகாத புண்ணுக்கு யார் தானாக வருவார்? முகத்தில் வந்தால் வருவார்கள். கலியாணம் பேசுகிற பெண்பிள்ளை என்றால் அடுத்த நாளே வருவார்கள். முதுகிலோ கெண்டைக்காலிலோ வந்த மீனவர் வரமாட்டார். திருக்கடலூரில் அப்படியொருவர் காலில் இருந்ததை மீன்முள் கீறின இடம் என்று என்னோடு வாதாடினார். படையினருக்கு முகாமிலேயே வைத்தியர். அதனால் அவர்களிடம் அதிகம் பிடிபடும். கூடப் பார்க்கிற இடத்தில் கூடக் காண்பார்கள். வீடு வீடாகப் போய்ப் பார்த்தால்தான் உண்மையான அளவு தெரியும். அதற்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும். டெங்கு சீசனில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் படும் பாட்டைப் பார்த்தால் அவர்களிடம் இதையும் செய்யுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வராது.

மற்றது, தடுப்பு. சாதாரண நுளம்பு வலையின் கண்ணுக்குள்ளால் இந்தப் பூச்சி நுழைந்துவிடும். கண் நெருக்கமான வலை, அல்லது மருந்து ஊறிய வலை வேண்டும். இலேசான வழி, மின்விசிறி. காற்றை எதிர்த்துப் பறக்கும் வலு அதற்கு இல்லை. பொழுதுபட்ட பிறகு முற்றத்தில் இருப்பதென்றால் நீளக்கை, சாரத்தைக் கணுக்கால்வரை. பட்டியை வீட்டிலிருந்து தள்ளி வைப்பது, சாணியை ஈரத்தோடு குவித்து வைக்காமல் அள்ளுவது. இந்தப் புண் கோப்பையாலோ துவாயாலோ தொட்டோ பரவாது. அதைத் தம்பியிடம் இரண்டு தரம் சொல்லி அனுப்பினேன். தனிக் கோப்பைக்கு அன்றோடு விடுதலை.

அவருடைய படிவம் இரண்டு பணிமனைகளுக்கும் போயிற்று. விலாசம் ஒரு பிரிவில், சந்தேகப்பட்ட இடம் இன்னொரு பிரிவில். இரண்டிலுமிருந்தும் ஆட்கள் வந்து ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள் என்று ஊசிக்கு வந்தபோது சினந்தார். எனக்கு அது சந்தோசம். மனைவியின் ஊரில் விசாரித்தபோது மாமியாரின் காதுக்குப் பின்னால் ஒரு தடிப்பு இருப்பதைக் கண்டு, பரிசோதகர் வரச் சொல்லியிருக்கிறார். மாமியார் வந்தார். சிலைட் எடுத்தோம். முழுச் சிலைட்டையும் மூலை மூலையாகத் தேடினேன். ஒன்றுமில்லை.

“மருமோனுக்கு எங்கட வீட்டிலதான் கடிச்சதெண்டு சொல்லினம். எங்களுக்கு ஒண்டுமில்லை எண்டு நீங்கள் சொல்றீங்கள். அப்ப நாங்கள் அங்கயேதானே பிள்ளை படுத்தெழும்பிறம், எங்களை விட்டிட்டு இவரை மட்டும் தேடிப் பிடிச்சுக் கடிச்சதோ?”

நியாயமான கேள்வி. ஒரு சிலைட்டில் காணவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமில்லை. பழைய தடிப்பில் ஒட்டுண்ணி குறைந்துவிடும். அதுவும் தவிர, நெடுங்காலம் கடி வாங்கிய ஊர்களில் ஒட்டுண்ணி உடம்புக்குள் போயும் புண் வராமல் இருக்கிறவர்கள் உண்டு. எதிர்ப்புச் சக்தி ஏற்கெனவே வந்திருக்கும். புதிதாகப் போய்ப் படுக்கிற ஆளின் தோலில்தான் அது பளிச்சென்று காட்டும். இதை முடிந்தவரை அவருக்குப் புரியும்படி சொன்னேன்.

“அப்ப எங்களைக் கடிச்சுக் கடிச்சு அலுத்துப்போச்சு எண்டு சொல்லுங்கோ” என்றார்.

வைத்தியர் ஆறு கிழமையில் திரும்ப வரச் சொல்லித் துண்டு எழுதிக் கொடுத்தார். பட்டியைத் தள்ளிக் கட்டுவது பற்றிக் கேட்டேன். அது மனுசனிட்டக் கேக்கவேணும் என்றார்.